25 வருட கேபிள் வாரன்டி: காகிதம் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: ஈரோட்டில் எங்கள் மருத்துவமனைக்குப் புதிதாக மூன்று மாடி பிளாக் கட்டுகிறோம். நெட்வொர்க் கேபிளிங் 240 பாயின்ட் (சுவரில் கேபிள் செருகும் இடங்கள்). இரண்டு கொட்டேஷன் வந்திருக்கின்றன. ஒருவர் பெயர்பெற்ற பிராண்டைப் போட்டு, 25 வருட சிஸ்டம் வாரன்டி உண்டு என்கிறார்; அவர் விலை மற்றவரைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். இன்னொருவர் 'லைஃப்டைம் வாரன்டி' என்று கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதியிருக்கிறார். 25 வருடம் கழித்து இந்தக் கான்ட்ராக்டர்கள் இருப்பார்களா? அசையாமல் கிடக்கிற கேபிளில் அப்படி என்ன கெட்டுப்போகும்? அதற்காக இவ்வளவு அதிகம் கொடுக்க வேண்டுமா? பழைய பிளாக்கில் இருக்கிற 90 பாயின்ட்டையும் இதே வாரன்டியில் சேர்த்துக்கொள்ள முடியுமா?
– நிர்வாக மேலாளர், ஈரோடு

பதில்:

அன்புள்ள மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

கான்ட்ராக்டர் இருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆரம்பத்தில் வேலை பார்த்த மூன்று நிறுவனங்களில் இரண்டு இன்று இல்லை. அதனால்தான் ஒழுங்கான 25 வருட வாரன்டியைக் கான்ட்ராக்டர் தருவதில்லை. கேபிள், ஜாக் (சுவரில் கேபிள் செருகும் துளை), பேட்ச் பேனல் (கேபிள்களின் மறுமுனைகள் வந்து சேரும் பலகை) எல்லாவற்றையும் தயாரிக்கிற கம்பெனி அதை உங்கள் மருத்துவமனைக்கு நேரடியாகத் தருகிறது. கான்ட்ராக்டர் அந்தக் கம்பெனியிடம் பயிற்சி எடுத்துச் சான்று வைத்திருக்கும் இன்ஸ்டாலர், அவ்வளவுதான். வேலை முடிந்ததும் டெஸ்ட் முடிவுகள், வரைபடம், பொருள் பட்டியல் ஆகியவற்றை அவர் கம்பெனிக்கு அனுப்புவார். கம்பெனி சரிபார்த்து, உங்கள் பெயரும் கட்டட முகவரியும் பாயின்ட் எண்ணிக்கையும் போட்டு, பதிவு எண்ணோடு சான்றிதழ் தரும். வாரன்டி பிறப்பது அன்றைக்குத்தான். பதிவு நடக்காத இடத்தில் '25 வருடம்' என்பது கொட்டேஷனை அலங்கரிக்கிற வரி மட்டுமே.

இதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு கல்லூரியில் கேபிளிங் போட்டு ஏழு வருடம் ஆனபின் ஒரு மாடி முழுக்க இணைப்பு தகராறு செய்கிறது என்று கூப்பிட்டார்கள். சர்வர் அறையில் லேமினேட் செய்த சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தது, தங்கநிற பார்டர் எல்லாம் போட்டு. கிட்டே போய்ப் படித்தால், பிராண்டின் லோகோ ஒரு மூலையில் இருக்கிறது. லெட்டர்ஹெட், கையெழுத்து, சீல் மூன்றும் கான்ட்ராக்டருடையவை. பதிவு எண் எங்கேயும் இல்லை. தயாரிப்பாளருக்கு மெயில் போட்டுக் கேட்டோம். அந்தக் கல்லூரி பெயரிலோ முகவரியிலோ எந்தப் பதிவும் இல்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது. வாங்கிய பொருள் அசல்தான், பில்லும் இருந்தது. ஆனால் பதிவு செய்யாத பொருளுக்குக் கிடைக்கிற சாதாரண வாரன்டிக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. மாடி முழுக்க ஜாக்குகளை மாற்றுகிற செலவு கல்லூரியின் தலையில் விழுந்தது.

சரி, தயாரிக்கிற கம்பெனியாவது இருக்குமா? பெயர் மாறும், கை மாறும். சிஸ்டிமாக்ஸ் என்ற புகழ்பெற்ற கேபிளிங் வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏடி அண்ட் டியில் பிறந்தது, 1996-இல் லூசென்ட் பக்கம் போனது, 2000-இல் அவாயாவுக்கு, 2004-இல் காம்ஸ்கோப்புக்கு. காம்ஸ்கோப்பின் கேபிள் தொழிலை வாங்கப்போவதாக ஆம்ஃபினால் 2025-இல் அறிவித்தது. 25 வருடம் என்பது இத்தனை கைமாற்றத்துக்கு இடம் தருகிற காலம். தொழிலை வாங்குகிறவரிடம் போய்ப் பழைய வாக்கைக் கேட்க வேண்டுமானால் உங்களிடம் பதிவு எண் இருந்தே ஆக வேண்டும். "அந்தத் தம்பி அப்போது சொன்னாரே" என்றால் எடுபடாது.

'லைஃப்டைம்' பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. யாருடைய லைஃப் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் கட்டடத்தின் ஆயுளா, கேபிளின் ஆயுளா, அந்த மாடல் விற்பனையில் இருக்கும் காலமா? பதில் எழுத்தில் வராவிட்டால் அந்த வரியை அடித்துவிட்டு மிச்சக் கொட்டேஷனை மட்டும் படியுங்கள்.

அடுத்தது நீங்கள் கேட்ட நல்ல கேள்வி: கேபிளில் என்ன கெட்டுப்போகும்? உண்மையில் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. செம்பு சுவருக்குள் சும்மா கிடந்தால் 25 வருடத்துக்கு மேலும் கிடக்கும். கெடுவதெல்லாம் கேபிளை இழுக்கிற அன்றும், கம்பிகளை ஜாக்கில் அழுத்திப் பொருத்துகிற, அதாவது பஞ்ச் செய்கிற அன்றும்தான். பல வருடம் கழித்து வெளியே தெரிகிறது. அதுவும் நெட்வொர்க் ஸ்விட்சை, அதாவது எல்லாக் கேபிளும் வந்து இணைகிற பெட்டியை, வேகமான ஒன்றாக மாற்றுகிற அன்று.

கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் முறுக்கியபடி ஓடுகின்றன. ஒவ்வொரு ஜோடியின் முறுக்கும் வேறு வேறு அடர்த்தி. ஒரு ஜோடியின் சிக்னல் பக்கத்து ஜோடிக்குள் கசிந்தால் அதை ரத்தாக்க அந்த முறுக்குதான் உதவுகிறது. ஆகவே ஜாக்கில் செருகும் இடத்தில் 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது என்று கேபிளிங்குக்கான அமெரிக்கத் தரநிலையான டிஐஏ-568 சொல்கிறது. நீங்கள் எந்த அலுவலகத்திலாவது ஒரு ஃபேஸ் பிளேட்டைக் கழற்றிப் பாருங்கள். மூன்று, நான்கு சென்டிமீட்டர் பிரித்து, பூ கட்டுகிற நார்போல் தனித்தனியாக விட்டிருப்பார்கள். இழுக்கும்போது 110 நியூட்டனுக்கு மேல், அதாவது சுமார் 11 கிலோ எடைக்கு மேல், விசை போடக் கூடாது. இரண்டு ஆள் சேர்ந்து கண்ட்யூட் குழாயில் இழுத்தால் அது எப்போதோ தாண்டிவிடும். மூலையில் கேபிளின் தடிமனைப்போல் நான்கு மடங்கு ஆரத்துக்குக் குறையாமல் வளைக்க வேண்டும். கருவிகளை அடுக்குகிற ரேக்கின் பின்னால் கரும்புக் கட்டு கட்டுவதுபோல் பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி, கேபிள் இடுப்பொடிந்து நிற்பதை வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன்.

இப்படிச் செய்த வேலையிலும் இன்று நெட் வரும், நாளையும் வரும். 100 மெகாபிட்டுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. ஸ்கேன் படங்களை நகர்த்த நீங்கள் 10 கிகாபிட் ஸ்விட்ச் வைக்கிற அன்று ஒவ்வொரு சென்டிமீட்டரும் கணக்குக் கேட்கும்.

வெயிலையும் சொல்லிவிடுகிறேன், ஈரோடு என்பதால். தரநிலைகள் கேபிளின் இழப்பை, அதாவது போகிற வழியில் சிக்னல் குறைகிற அளவை, 20 டிகிரியில் வைத்துக் கணக்கிடுகின்றன. கவசமில்லாத கேபிளில் அதற்கு மேல் 40 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரிக்கும் இழப்பு 0.4 சதவீதம் கூடும், 40-இலிருந்து 60 வரை 0.6 சதவீதம். சித்திரை வெயிலில் உங்கள் மேல்மாடி மொட்டை மாடிக்குக் கீழே, ஃபால்ஸ் சீலிங்குக்குள் 40 டிகிரி ஆச்சரியமில்லை. அங்கே இழப்பு 8 சதவீதம் அதிகம். ஆகவே 90 மீட்டர் வரை போகலாம் என்ற விதியை மேல்மாடியில் அப்படியே நம்ப வேண்டாம், குறைத்துப் போடச் சொல்லுங்கள். ஏசி இல்லாத டிசம்பர் காலையில் டெஸ்ட் செய்து பாஸ் வாங்குவது பெரிய காரியமல்ல.

இப்போது வாரன்டி எதற்குப் பொறுப்பேற்கிறது என்று பார்ப்போம். கீழ்ப்படியில் இருப்பது பொருள் வாரன்டி: ஜாக் உடைந்தால் ஜாக் தருவார்கள். அதற்கு மேல், போட்ட இணைப்பு கேட் 6 அல்லது கேட் 6ஏ (கேபிளின் தர வகைகள், கேட்டகரி என்பதன் சுருக்கம்) தரநிலையின் அளவுகளுக்குள் 25 வருடமும் நிற்கும் என்ற வாக்கு. அதற்கும் மேல், அந்த வகைக் கேபிளுக்காக வடிவமைத்த எந்த நெட்வொர்க் முறையும் அதில் ஓடும் என்ற வாக்கு. நீங்கள் பணம் கொடுப்பது கடைசி இரண்டுக்கும்தான். மூன்றாவதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறவர்கள் அதிகம். கேட் 6 போட்டால் எதிர்காலத்தில் வருவதெல்லாம் அதில் ஓடும் என்று அர்த்தமில்லை. கேட் 6 என்பது 250 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வரைக்கும், கேட் 6ஏ 500 வரைக்கும். 10 கிகாபிட் முழு 100 மீட்டருக்கும் வேண்டுமென்றால் 6ஏ-தான்; கேட் 6-இல் சூழ்நிலையைப் பொறுத்து 37 முதல் 55 மீட்டர் வரைதான் எதிர்பார்க்கலாம். 6-க்கு வாரன்டி வாங்கிவிட்டு 6ஏ-இன் வேலையைக் கேட்டால் கம்பெனி கைவிரிக்கும், அதில் தப்பும் இல்லை.

இன்னொரு சந்து இருக்கிறது. பேட்ச் பேனலிலிருந்து சுவர் ஜாக் வரை உள்ளதைப் பெர்மனென்ட் லிங்க் என்பார்கள், 90 மீட்டர் வரை. இரண்டு பக்கமும் பேட்ச் கார்டுகள், அதாவது செருகுகிற சிறிய கேபிள்கள், சேர்த்தால் சேனல், 100 மீட்டர் வரை. 'சேனல் வாரன்டி' என்று வாங்கிவிட்டு, பின்னால் கடைவீதியில் நூறு ரூபாய் பேட்ச் கார்டு வாங்கிச் செருகினால் அந்தச் சேனல் வாரன்டியைக் கேட்க முடியாது. பெர்மனென்ட் லிங்க்குக்கான வாக்கு நிற்கும். சான்றிதழில் இரண்டில் எது என்று எழுதியிருக்கும், அந்த ஒரு சொல்லைத் தேடிப் படியுங்கள்.

டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. ஃப்ளூக் என்பது ஒரு மீட்டர் கம்பெனி; நம் ஊரில் எல்லோரும் 'ஃப்ளூக் ரிப்போர்ட்' என்றே சொல்கிறோம், எந்தக் கம்பெனி மீட்டரானாலும். எட்டு விளக்கு வரிசையாக எரிகிற இருநூறு ரூபாய் டெஸ்டர் கம்பி மாறியிருக்கிறதா என்று மட்டும் சொல்லும். நமக்குத் தேவையானது கசிவு, இழப்பு, எதிரொலிப்பு எல்லாவற்றையும் அலைவரிசை முழுக்க அளந்து தரநிலையோடு ஒப்பிடும் மீட்டர். 240 பாயின்ட்டுக்கும் 240 ரிப்போர்ட் வேண்டும். 'சாம்பிளுக்குப் பத்து' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பிடிஎஃப் மட்டும் வாங்காதீர்கள். மீட்டரிலிருந்து இறக்கிய மூலக் கோப்பையும் கேளுங்கள். ஃப்ளூக் மீட்டரானால் லிங்க்வேர் என்ற மென்பொருளில் திறக்கலாம், இலவசமாகவே கிடைக்கிறது. திறந்ததும் நான் முதலில் பார்ப்பது பாஸ், ஃபெயில் அல்ல, நேரமும் நீளமும். ஒரு பாயின்ட்டை அளக்க மீட்டருக்கு ஏறத்தாழ பத்து நொடி போதும். ஆனால் மறுமுனையில் இருக்கிற ஆள் அடுத்த அறைக்கு நடந்து, கட்டிலை நகர்த்தி, ஜாக்கில் செருக வேண்டும். ஒருமுறை ஒரு வேலையில் 48 ரிப்போர்ட்டுகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பதினைந்து, பதினாறு நொடி இடைவெளி. நீளம் எல்லாவற்றிலும் 31 மீட்டரை ஒட்டியே. ஒரே நல்ல பாயின்ட்டில் மீட்டரை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் பட்டனை அழுத்தியிருக்கிறார் புண்ணியவான். டீ குடித்துக்கொண்டே முடித்திருப்பார். தூரத்து அறைக்கும் பக்கத்து அறைக்கும் ஒரே நீளம் வராது என்று கண்டுபிடிக்க எஞ்சினியரிங் படிப்பு தேவையில்லை.

ரிப்போர்ட்டின் தலைப்பில் எந்த அளவுகோலை வைத்துச் சோதித்தார்கள் என்று இருக்கும். 6ஏ போட்டுவிட்டு அதைவிடக் கீழ் வகையான 5இ அளவுகோலில் பாஸ் காட்டுகிற கைவேலையும் உண்டு. பாஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் எல்லையை ஒட்டி, மீட்டரின் துல்லியப் பிழைக்குள் தப்பியிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவற்றைக் கம்பெனி ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஏற்றாலும் ஜாக்கை மறுபடி பஞ்ச் செய்யச் சொல்வேன், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். மீட்டரின் கேலிபரேஷன் ஒரு வருடத்துக்குள் செய்ததா என்பதையும் பாருங்கள்.

எலி கடித்தது, இடி விழுந்தது, தண்ணீர் இறங்கியது, தச்சர் டிரில் போட்டது எதுவும் வாரன்டியில் வராது. மருத்துவமனையில் கேன்டீன் பக்கம் எலி நிச்சயம் என்பதால் அங்கே இரும்புக் கண்ட்யூட் போடச் சொல்லுங்கள். பிறகு ஏதாவது பாயின்ட்டை இடம் மாற்றினால் அதே கம்பெனியின் சான்று பெற்ற இன்ஸ்டாலரைக் கொண்டு மாற்றி, டெஸ்ட் செய்து, கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் எலக்ட்ரீஷியன் மாற்றினால் அந்தப் பாயின்ட் பட்டியலிலிருந்து போயிற்று.

ஒருவேளை கோளாறு வந்தே விட்டால் என்ன கிடைக்கும்? பெரும்பாலான ஆவணங்களில் பழுதான பகுதியைச் சரிசெய்வது அல்லது மாற்றித் தருவது, அதோடு முடிந்தது. கூலியும் உண்டா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டு எழுதி வாங்குங்கள். 25 ரூபாய் பொருளை மாற்ற 500 ரூபாய் கூலி ஆகிற தொழில் இது. நெட்வொர்க் நின்றதால் ஓபியில் பில் போட முடியவில்லை என்ற நஷ்டத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று தோன்றும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை. எதிர்த் தரப்பு அந்த வாதத்தைத்தான் முதலில் எடுக்கும். ஆகவே வாரன்டி ஆவணத்தின் கடைசியில் எந்த ஊர் நீதிமன்றம் என்று எழுதியிருக்கிற வரியை உங்கள் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

விலை வித்தியாசத்தைப் பற்றி. இரண்டு கொட்டேஷனும் ஒரே பொருளுக்கானவை அல்ல என்று சந்தேகிக்கிறேன். இரண்டாமவரிடம் கேபிள் பெட்டியிலிருந்து ஒரு முழம் வெட்டித் தரச் சொல்லுங்கள். கம்பியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் அது செம்பு முலாம் போட்ட அலுமினியம். கேட் 6 என்று மேலே அச்சடித்திருந்தாலும் அது கேட் 6 ஆகாது, தரநிலை முழுச் செம்பைத்தான் கேட்கிறது. அலுமினியக் கம்பிக்கு மின்தடை ஒன்றரை மடங்கு அளவில் அதிகம். கேமரா, ஐபி ஃபோன், வைஃபை கருவி எல்லாவற்றுக்கும் இன்று மின்சாரமும் இதே கேபிளில்தான் போகிறது, 2018-இல் வந்த தரநிலைப்படி 90 வாட் வரை. மெல்லிய அலுமினியத்தில் அதைக் கட்டுக் கட்டாக அனுப்பினால் கேபிள் சூடாகும்.

முழுச் செம்பு, அதே வகை, 240 பாயின்ட்டுக்கும் ரிப்போர்ட் என்று போட்டு அவரிடம் புதிதாக விலை கேளுங்கள். மூன்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் பாதி காணாமல் போகும் என்று நினைக்கிறேன். அதன் பிறகும் முதலாமவர் கொஞ்சம் அதிகமாக இருந்தால் கொடுக்கலாம். காரணம் 2040-இல் நீங்கள் கிளெய்ம் செய்வீர்கள் என்பதல்ல. இத்தனை வருடத்தில் நான் பார்த்த கிளெய்ம்களை விரல் விட்டு எண்ணலாம். கம்பெனியிடம் பதிவுக்கு அனுப்ப வேண்டுமே என்ற பயத்தில் இன்ஸ்டாலர் முதல் மாதத்திலேயே ஒழுங்காக வேலை செய்வார், அதற்குத்தான். சான்றிதழா, 240 உண்மையான ரிப்போர்ட்டா, ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் ரிப்போர்ட்டைத்தான் எடுப்பேன்.

ஆர்டர் கொடுக்குமுன் அந்த இன்ஸ்டாலரின் சான்று இன்றைக்குச் செல்லுமா என்று தயாரிப்பாளருக்கே மெயில் போட்டுக் கேளுங்கள். இதற்குக் காலாவதித் தேதி உண்டு. ஆர்டரில், கடைசிப் பத்து சதவீதப் பணம் தயாரிப்பாளரின் பதிவு எண்ணோடு சான்றிதழ் வந்த பிறகே என்று எழுதுங்கள். பதிவுக்கு அனுப்ப வேலை முடிந்ததிலிருந்து கெடு உண்டு, கான்ட்ராக்டர் அடுத்த சைட்டுக்குப் போய்விட்டால் அது மறந்துபோகும். பத்து சதவீதம் நிலுவையில் இருந்தால் மறக்காது.

பழைய பிளாக்கின் 90 பாயின்ட் புதிய வாரன்டியில் சேராது. வேறு பொருள், வேறு ஆள், வேறு காலம். எந்தக் கம்பெனியும் ஏற்காது. அவற்றை இதே மீட்டரால் ஒருமுறை அளக்கச் சொல்லி ரிப்போர்ட்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இடிக்க வேண்டிய அவசியம் இருக்காது. 2016-இல் வந்த தரநிலையால் நல்ல 5இ கேபிளிலேயே 2.5 கிகாபிட் ஓடுகிறது, வார்டுக்கு அது தாராளம்.

கடைசியாக ஒன்று. சான்றிதழ் மெயிலில்தான் வரும். அதை உங்கள் ஐடி பையனின் சொந்த முகவரிக்கு வரவிடாதீர்கள், அவர் இரண்டு வருடத்தில் பெங்களூரு போய்விடுவார். மருத்துவமனையின் பொது மெயிலுக்கு வரட்டும். அச்செடுத்து ஒரு நகலைக் கட்டட வரைபடக் கோப்பில் வையுங்கள், இன்னொன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேக்கின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.